இரைப்பையில் கட்டி என்றாலே புற்றுநோயா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பல மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைக்குள் 8 மி.மீ. அளவில் ஒரு பாலிப் (உள்தோலில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) தெரிந்தது. சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியில் 'ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப்' என்றும், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகவும் வந்திருக்கிறது. கட்டி என்று கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இது புற்றுநோயா? – வாசகி, தஞ்சாவூர்

மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது புற்றுநோய் இல்லை. முதலில் இதை அம்மாவிடம் சொல்லுங்கள். 'கட்டி' என்ற ஒரு சொல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரிப்போர்ட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வந்து நிற்கும் அம்மாக்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

8 மி.மீ. என்றால் ஒரு மணத்தக்காளிப் பழம் அளவு. கிருமியால் இரைப்பையின் உள்தோல் நீண்டகாலம் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்படும்போது சில இடங்களில் சதை அளவுக்கு மீறி வளர்ந்துவிடுகிறது. கிருமியை ஒழித்தால் இந்த வகை பாலிப் பெரும்பாலும் சுருங்கும். சிலருக்கு மறைந்தே போகும். ஆகவே சிகிச்சையை அங்கிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் 14 நாள் மாத்திரைகள். வாய் கசக்கும், வயிறு புரட்டும். ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். முடித்து நான்கு வாரமாவது கழிந்தபின், மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கூடாது. கிருமி இருந்தாலும் இல்லாததுபோல் காட்டிவிடும். மறு எண்டோஸ்கோப்பியிலும் பாலிப் இருந்தால் எண்டோஸ்கோப்பிக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்தவற்றில் செல்கள் புற்றாக மாறும் வாய்ப்பு சிறிதளவு உண்டு, அவற்றை விட்டுவைப்பதில்லை.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு வரும் 'ஃபண்டிக் கிளாண்ட்' பாலிப் பெரும்பாலும் தொந்தரவு தராது. 'அடினோமா' என்று வந்தால் அது இன்று சாதாரணக் கட்டி, நாளை புற்றாக மாறக்கூடியது. முழுவதும் அகற்றியே ஆக வேண்டும். சுவரின் தசை அடுக்கில் முளைக்கும் 'ஜிஸ்ட்' கட்டியில் அதன் அளவும் செல்கள் பெருகும் வேகமும்தான் ஆபத்தைச் சொல்லும்.

இரைப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது உள்தோலிலிருந்து கிளம்பும் அடினோகார்சினோமா. அது கட்டியாகத்தான் வரும் என்பதில்லை. ஆறாத புண்ணாக வரலாம். சுவர் முழுவதும் விறைத்துப்போயும் வரலாம். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்பதால்தான் பயாப்ஸி.

இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே அறிவித்தது. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது. இருந்தாலும், பாலிப்பைச் சுற்றியுள்ள உள்தோலிலும் சதை எடுத்தார்களா, அதில் 'அட்ரோஃபி' (உள்தோல் மெலிந்துபோதல்), 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா' (இரைப்பையின் உள்தோல் குடலின் உள்தோல்போல் மாறுதல்) என்று ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும்.

காரணமில்லாமல் எடை குறைதல், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல், ஓயாத வாந்தி, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, தார் போன்ற கறுப்பு மலம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.) மெடிக்கல் ஷாப்பில் எரிச்சல் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சமாளிப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஆரம்பநிலைப் புற்றின் அறிகுறிகளையும் அந்த மாத்திரை அடக்கி வைத்துவிடும்.

பாலிப்புக்கென்று பத்தியம் எதுவும் கிடையாது. இன்று இரவே அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுங்கள்.