சொந்த பிரவுசர் உருவாக்கலாமா?

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து மார்த்தாண்டத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். சொந்தமாக பிரவுசர் உருவாக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: இணையப் பக்கத்தைத் திரையில் காட்டும் மையப் பகுதியான எஞ்சினைப் புதிதாக எழுத இறங்காதீர்கள், நான்கு பேருக்கு அது தாங்காது. பிரேவ், விவால்டி பிரவுசர்களைப் போல, கூகுள் குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலநிரல் குரோமியத்தின் மேல் கட்டுங்கள். மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் (பில்டு செய்யும்) கணினியில் 100 ஜிபிக்கு மேல் காலியிடமும், குறைந்தது 16 ஜிபி ரேமும் வேண்டும். ரேம் போதாவிட்டால் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் பில்டு பாதியில் நின்றுவிடும். மூலநிரலை இறக்கும்போது பழைய மாற்றங்களின் வரலாற்றைத் தவிர்க்கும் 'நோ ஹிஸ்டரி' என்ற தெரிவைச் சேருங்கள். டேட்டா நிறைய மிச்சமாகும்.

உண்மையான பாரம் பிறகுதான். குரோமியத்தின் புதிய பதிப்புகளுக்கான இடைவெளி 2021இல் ஆறு வாரத்திலிருந்து நான்காகக் குறைந்தது. நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். திருத்தம் வெளியானதுமே ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் தாமதித்தால் அடி விழுவது உங்கள் பயனர்களுக்கு. ஆகவே உங்கள் மாற்றங்களைச் சிறு பேட்ச் கோப்புகளாக (மாற்றிய வரிகள் மட்டும் உள்ளவை) தனியே வைத்து, அவற்றைப் புதிய பதிப்புகளில் உடனுக்குடன் சேர்க்கும் வேலைக்கே ஒருவரை முழுநேரமாக ஒதுக்குங்கள்.