பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் பெங்களூரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். ஒன்றரை ஆண்டுக்குள் அங்கே நான்கு முறை ஆட்குறைப்பு நடந்துவிட்டது. நான்கிலும் அவன் பெயர் இல்லை. ஆனால் பொங்கலுக்கு வந்திருந்தபோது, விடியுமுன் எழுந்து லேப்டாப்பைத் திறந்து, கம்பெனிக் கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பல் துலக்கினான். லாபத்தில் ஓடும் நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது? வேலை போகாதவன் ஏன் இப்படி ஆகிறான்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். 2019 இறுதியில் அங்கே ஏறத்தாழ 45,000 ஊழியர்கள் இருந்தனர். பெருந்தொற்றுக் காலத்தின் மலிவான வட்டியும் பெருகிய இணையப் பயன்பாடும் அப்படியே நீடிக்கும் என்று நம்பி ஆள் எடுத்ததில், 2022 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 87,000 ஆனது. அதற்குள் அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியிருந்தது. விளம்பர வருமானம் சுருங்கியிருந்தது. நவம்பரில் 11,000 பேரை அனுப்பினார்கள். நான்கே மாதத்தில் மேலும் 10,000 பேர் என்றார்கள். அந்த 2023ஆம் ஆண்டின் நிகர லாபமோ ஏறத்தாழ 3,900 கோடி டாலர். நட்டத்தில் இருப்பவர்கள் வேறு வழியின்றிச் செய்தது, இன்று முதலீட்டாளர்களுக்குச் செலவுக் கட்டுப்பாட்டைக் காட்டும் வழக்கமாகிவிட்டது. இது தவறு என்பதே என் எண்ணம்.

இரண்டாம் கேள்விக்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். என் அப்பா மதுரைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில், நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் மேஸ்திரியாக இருந்தார். எந்த மிஷினில் எந்தப் பருவத்தில் நூல் அதிகம் அறுகிறது, அதற்கு என்ன செய்தார் என்பதையெல்லாம் சட்டைப் பையில் வைத்திருந்த சிறு நோட்டில் எழுதி வைப்பார். பயிற்சிக்கு வந்த பையன்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டு, நோட்டை விரித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மில்லில் மூன்று தவணையாக ஆள் குறைத்தார்கள். முதல் தவணையில் போனவர்களுக்காக எல்லோரும் அழுதார்கள். இரண்டாவதற்குப் பிறகு, அடுத்தது யார் என்று தெரியாத நிலையில், அப்பா நோட்டை யாருக்கும் காட்டுவதை நிறுத்திவிட்டார். “அவனுக்கும் தெரிஞ்சுட்டா நான் எதுக்கு?” என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மூன்றாம் பட்டியலில் அவர் பெயர் வந்தது. கணக்கு முடித்து வந்த சில வாரங்களில், ஒரு பையன் சைக்கிளில் வந்து ஒரு மிஷினைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டான். அப்பா உள்ளே போய் நோட்டையே எடுத்து வந்து கொடுத்துவிட்டார்.

ஒரே முறை வெட்டி, இனி இல்லை என்று உறுதி சொல்லியிருந்தால், மிஞ்சியவர்கள் மெல்லத் தேறியிருப்பார்கள். மீண்டும் மீண்டும் வெட்டும் இடத்தில் எவரும் தவற்றை ஒப்புக்கொள்வதில்லை. வேறு இடம் கிடைக்கக்கூடிய திறமைசாலிகள் முதலில் கிளம்புகிறார்கள். போனவர்களின் வேலையும் இருப்பவர்கள் தலையில் விழுகிறது. உங்கள் மகன் அந்தச் சுமையோடுதான் விடியலில் எழுகிறார். தொலைபேசியில் தினமும் “கம்பெனியில ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஆட்குறைப்பு பல நேரம், ஊழியரிடமே ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கித்தான் நடக்கிறது. மேலாளர் பொறுப்பில் இல்லாத, ஓராண்டுக்கு மேல் பணியாற்றிய தொழிலாளரை நிறுவனமே நீக்கினால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும் என்கிறது சட்டம்; தாமாக விலகியவருக்கு அது இல்லை. நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் இப்போதே வீட்டில் ஒரு படி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கூப்பிட்டு உட்காரவைத்துக் கையெழுத்துக் கேட்டால், ஒரு நாள் அவகாசம் கேட்டு வக்கீலிடம் காட்டிய பிறகு போடச் சொல்லுங்கள்.