வாடகைக்கு ஆசைப்பட்ட கவுன்சில்கள்: வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தில் உள்ளாட்சி கவுன்சில்கள் கடன் வாங்கிக் கடைகளும் அலுவலகக் கட்டடங்களும் வாங்கிய கதையைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறேன்.

தெற்கு லண்டனில் உள்ள குரோய்டன் கவுன்சில் ஹோட்டல் வாங்கியதாமே? குப்பை அள்ளுகிறவர்களுக்கு ஹோட்டல் எதற்கு?

வாங்கியது உண்மைதான். 2018-இல் சுமார் 3 கோடி பவுண்டுக்கு குரோய்டன் பார்க் ஹோட்டலை வாங்கினார்கள். தாங்களே நடத்துவதற்கு அல்ல, நடத்துகிற கம்பெனியிடம் வாடகை வாங்குவதற்கு. 2010-க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் வெட்டப்பட்டுக்கொண்டே வந்தது. வீடுகளுக்குப் போடும் வரியான கவுன்சில் டாக்ஸை வரம்புக்கு மேல் ஏற்றினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முதியோர் பராமரிப்புச் செலவோ ஏறுமுகம். ஆக, ஊர்க்காரர்களிடம் கை நீட்டாமல் காசு பார்க்க வாடகை நல்ல வழியாகத் தெரிந்தது. 2020-இல் கொரோனா வந்தது. ஹோட்டலை நடத்திய கம்பெனி படுத்துவிட்டது, வாடகையும் நின்றது. கடைசியில் சுமார் இரண்டரைக் கோடிக்கு விற்றார்கள்.

வட்டி 2.5 சதவீதம், வாடகை 5 சதவீதம். இதில் நஷ்டம் எங்கிருந்து வரும்?

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி பவுண்டு கடன் வாங்கி ஒரு ஷாப்பிங் சென்டர் வாங்குகிறீர்கள். வருஷ வாடகை 50 லட்சம், வட்டி 25 லட்சம். பாக்கி 25 லட்சம் லாபம் என்று அறிக்கையில் எழுதிக் கைதட்டு வாங்கலாம்.

ஆனால் அசல்? அதை 50 வருஷத்தில் அடைப்பதென்றால் வருஷத்துக்கு 20 லட்சம் ஒதுக்க வேண்டும். மிஞ்சுவது 5 லட்சம். இப்போது பத்தில் ஒரு பங்கு வாடகை வரவில்லை என்று வையுங்கள், அந்த 5 லட்சமும் போயிற்று. கூரை ஒழுகினால் செலவு யாருடையது? கடை காலியானால் மூன்று மாதச் சலுகைக்குப் பிறகு வணிகக் கட்டடங்களுக்கான சொத்து வரியும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழும். அதாவது, கவுன்சில் தலையில். அப்புறம் 50 வருஷம் கழித்து அந்த ஷாப்பிங் சென்டரில் யார் கடை போட்டிருப்பார்கள்? ஆன்லைனில் துணி வாங்கிப் பழகிய ஊரில் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத ஆச்சரியம்.

அசலுக்கு ஒதுக்குவது சட்டப்படி கட்டாயம். லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் கவுன்சில் அதைப் போதுமான அளவு செய்யவில்லை. தன் சொந்தக் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்து, உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களும் ஹில்டன் ஹோட்டலும் எழுப்பியது. 2023 ஜூனில் பார்த்தால் பற்றாக்குறை 120 கோடி பவுண்டு. அன்றாடச் சேவைகளுக்கு அதன் கையில் இருந்ததோ வருஷத்துக்கு 1.6 கோடி.

சின்ன கவுன்சில்களுக்கு இவ்வளவு கடன் யார் கொடுத்தது?

அரசாங்கமேதான், பொதுப்பணிக் கடன் வாரியத்தின் வழியாக. வங்கி மாதிரி உட்கார்ந்து 'இந்தக் கட்டடம் தேறுமா' என்று அது பார்ப்பதில்லை. எவ்வளவு கடன் தாங்கும் என்பதை 2004 முதல் கவுன்சிலே தீர்மானித்துக்கொள்கிறது. லண்டனை ஒட்டிய சர்ரே மாவட்டத்தில் உள்ள ஸ்பெல்தோர்னில் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். அந்தக் கவுன்சில் 2016-இல் சன்பரியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் வளாகத்தை வாங்கியது. மேலும் மேலும் வாங்கி, கடன் 100 கோடி பவுண்டைத் தாண்டியது. பிறந்த குழந்தை உட்பட ஆளுக்குப் பத்தாயிரம்! 2025-இல் நிர்வாகத்தைச் சீர்செய்ய அரசு அங்கே ஆணையர்களை அனுப்பியது.

ஸ்பெல்தோர்ன் மட்டும் இல்லை. 2016-17 முதல் மூன்று நிதியாண்டுகளில் இங்கிலாந்துக் கவுன்சில்கள் வணிகச் சொத்து வாங்கச் செலவிட்டது 660 கோடி பவுண்டு என்கிறது தேசியத் தணிக்கை அலுவலகம். அதற்குப் பிறகுதான் கடிவாளம் வந்தது. வருமானத்துக்காகவே சொத்து வாங்கத் திட்டமிடும் கவுன்சிலுக்கு இந்த வழியில் கடன் இல்லை என்று 2020 நவம்பரில் கதவைச் சாத்தினார்கள்.

கவுன்சில் திவாலானால் குப்பை அள்ள வரமாட்டார்களா?

வருவார்கள். கம்பெனி மாதிரி கவுன்சிலைக் கலைத்துவிட முடியாது. திவால் என்று செய்தியில் வருவது '114 நோட்டீஸ்'தான். அது, 1988 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவின்படி தலைமை நிதி அதிகாரி விடும் எச்சரிக்கை. அது வந்தால், சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைகளைத் தவிர புதுச் செலவு கிடையாது. வலி பிறகு வரும். 2023-இல் குரோய்டனுக்கு டாக்ஸை 15 சதவீதம் ஏற்ற அரசு அனுமதி கொடுத்தது. பிறகு அங்கே நான்கு நூலகங்களை மூடவும் முடிவெடுத்தார்கள்.

பர்மிங்காம் கவுன்சில் திவாலானதும் இப்படித்தானே?

இல்லை. அங்கே பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராத பழைய பாக்கியும், சொதப்பிய கணினி அமைப்பும்.

எங்கள் நகராட்சியும் பேருந்து நிலையத்தில் கடை கட்டி வாடகைக்கு விடுகிறது. அதுவும் ஆபத்தா? (கும்பகோணம் வாசகர்)

அது வேறு சங்கதி. சொந்த நிலத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தை நம்பிக் கட்டுவது. அங்கே வாடகை பாக்கியையும் உள்வாடகையையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் சில கவுன்சில்கள் தன் எல்லைக்கு வெளியே, வேறு ஊரில் போய்க் கட்டடம் வாங்கின.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் 'எங்கள் கவுன்சில் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது' என்றும் கேட்டிருந்தீர்கள். வருஷக் கணக்கறிக்கை இணையத்தில் இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் முதலீட்டுச் சொத்து, நீண்டகாலக் கடன் என்ற இரண்டு வரிகளையும் ஐந்து வருஷத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். வருஷா வருஷம் 30 வேலை நாட்கள் கணக்குகளைத் திறந்து வைப்பார்கள். அங்கே வாக்காளராகப் பதிந்தவர் ஆவணங்களைப் பார்க்கலாம், தணிக்கையாளரிடம் ஆட்சேபமும் எழுப்பலாம். நான் ஒருமுறை அப்படிப் போனபோது, வரவேற்பில் இருந்தவருக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. முன்கூட்டி மின்னஞ்சல் போட்டுவிட்டுப் போங்கள்.