டாங்கி மாடலுக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பிறந்த நாளுக்காக டமியா கம்பெனியின் டி-72எம்1 டாங்கி கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்), 1/35 அளவில், வாங்கி ஒட்டி முடித்துவிட்டேன். இனி பெயின்ட் அடித்து, மணலில் ஓடிய வண்டி போல ஆக்க வேண்டும். ஆன்லைனில் ‘வெதரிங் செட்’ என்று ஆறு பாட்டில் பெட்டி ஒன்று நாலாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா சார்? – வாசகி, ஆவடி

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பாதிகூட இதற்குத் தேவையில்லை.

முதல் காரணம், இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பியச் சேற்றுக்கும், பனிக்கும், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் வண்டிகளுக்கும் கலக்கப்பட்ட நிறங்கள். ஆவடியில் ‘அஜேயா’ என்ற பெயரில் உருவான டி-72 ராஜஸ்தான் மணலில் புரண்ட வண்டி. அந்தத் தூசி வெளிறிய மஞ்சள். பெட்டியில் வரும் கறுத்த பழுப்புச் சேற்றைப் பூசினால் வண்டி வேறு நாட்டுக்குப் போய்விடும். இரண்டாவது காரணம், ‘வாஷ்’ (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த நிறம்) என்று விற்கும் பாட்டிலில் இருப்பது எனாமல் நிறமும் வெள்ளை ஸ்பிரிட்டும்தான். ஓவியம் வரைபவர்கள் வாங்கும் ஆயில் கலர் குழாய் மூன்று இருந்தால் அதே வேலை நடக்கும்: பர்ன்ட் அம்பர், கறுப்பு, வெள்ளை. மணல் நிறத்துக்கு யெல்லோ ஓக்கர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கேம்லின் குழாய் கிடைக்கும். அதுவே போதும்.

செய்முறை இது. ஆயில் கலரைப் பழைய அட்டைப்பெட்டித் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். எண்ணெய் இருந்தால் காயவும் நாளாகும், காய்ந்த பிறகும் மினுக்கும். அட்டையில் மிஞ்சிய நிறத்தை மினரல் டர்பன்டைனில் கரைத்து, டீத்தண்ணி போல நீர்க்க வைத்து, போல்ட் தலைகளைச் சுற்றியும் கதவு இடுக்கிலும் நுனி பிரஷால் தொட்டுவிடுங்கள். அது தானாகவே இடுக்குக்குள் ஓடும். கால் மணி நேரம் கழித்து, அதே டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த பிரஷால் மேலிருந்து கீழாக இழுத்தால் வழிந்தது துடைபடும், இடுக்கில் நின்றது நிற்கும்.

தூசிக்கு ‘பிக்மென்ட்’ பாட்டிலும் வேண்டியதில்லை. சாக் பேஸ்டல் குச்சியை நைஸ் உப்புத்தாளில் தேய்த்தால் அதே பொடி கிடைக்கும். எண்ணெய் கலந்த ஆயில் பேஸ்டலை வாங்கிவிடாதீர்கள், அது பொடியாகாது.

நீங்கள் பணம் போட வேண்டிய இடம் அடி நிறமும் வார்னிஷும். எது முதலில், எது பிறகு என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதி நஷ்டம் தவிரும். முதலில் பிரைமர், பிறகு அக்ரிலிக் நிறம். காய்ந்ததும் பளபளப்பான வார்னிஷ், அதன் மேல் டெகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலம்) எண்கள். பிறகு ஆயில் வாஷ், பிறகு மேட் வார்னிஷ், கடைசியாகப் பொடி. அக்ரிலிக்கை டர்பன்டைன் கரைக்காது. அதனால்தான் மேலே போடும் ஆயில் கலரைத் துடைத்துத் துடைத்துச் சரிசெய்ய முடிகிறது. பளபளப்பு இல்லாமல் டெகால் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மின்னும், படத்தில்கூடத் தெரியும். நிறம் ஒரு சுற்று வெளிறலாகவே இருக்கட்டும். ஏழு மீட்டர் நீள உடலுக்கு எடுத்த பச்சையை 20 சென்டிமீட்டர் உடலில் அப்படியே பூசினால் கறுத்துப்போனதாகத் தோன்றும்.

எந்தப் பச்சை என்று எண் தேடி அலைய வேண்டாம். வீட்டிலேயே பார்த்தவர் இருக்கிறாரே! பிளாஸ்டிக் ஸ்பூன் நாலில் நாலு கலவை அடித்து அப்பாவிடம் காட்டுங்கள். அவர் கை எந்த ஸ்பூனைத் தொடுகிறதோ அதுதான் நிறம். பிறந்த நாள் வரை ரகசியம் காக்க நினைத்திருந்தால் இதற்காக அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

அழுக்கு எங்கே போக வேண்டும் என்பதற்கும் வண்டியே சொல்லும். டி-72இன் புகைபோக்கி இடது பக்கப் பின்புறத்தில் இருக்கிறது. கரி அங்கே மட்டும், வலப்பக்கம் வேண்டாம். பக்கவாட்டுத் திரை ரப்பர் கலந்த துணி. அதில் துரு பூசினால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும், தூசி மட்டும் போதும். வண்டிக்கு ஆள் மூன்று பேர். அவர்கள் ஏறி இறங்கும் மூடியைச் சுற்றிப் பெயின்ட் தேயும். அங்கே வெள்ளி நிறம் வைக்காதீர்கள். தேய்ந்த எஃகு கறுத்த சாம்பல்தான். பின்பக்க டீசல் டிரம் மூடியின் கீழே பளபளப்பான கறுப்புக் கசிவு ஒன்று, பர்ன்ட் அம்பரும் பளபளப்பு வார்னிஷும் கலந்து வைத்துப் பாருங்கள், வண்டிக்கு உயிர் வந்துவிடும். செயின் மட்டும் துருப்பிடிக்கலாம். ஆனால் ஓடும் செயினில் தரை தொடும் முகம் தேய்ந்து மினுங்கும், பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்தால் அது வரும்.

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றால் பெயின்டைத் தூவும் கருவி) இல்லாமல் முடியாதா? சார்ஜ் போட்டுக் கையில் பிடிக்கிற சின்ன ஏர்பிரஷ் மலிவாக வருகிறதே, அது போதுமா? – வாசகர், திருச்சி

பதில்: ஒரே ஒரு வண்டிதான் செய்யப்போகிறீர்கள் என்றால் பிரஷே போதும். ஆனால் பிரஷுக்கு ஏற்ற பெயின்ட் வாங்குங்கள். வயேஹோ கம்பெனியின் ‘மாடல் கலர்’ போன்ற தண்ணீர் அக்ரிலிக்கை நீர்க்க நீர்க்க மூன்று பூச்சு போட்டால் பிரஷ் கோடு தெரியாது. டமியாவின் எக்ஸ்எஃப் வரிசை அருமையான பெயின்ட், ஆனால் ஏர்பிரஷுக்கு. அதைப் பிரஷால் இரண்டாம் முறை தொட்டால் அதில் இருக்கும் ஆல்கஹால் முதல் பூச்சைக் கிளப்பிவிடும். பலர் இதனாலேயே தன் கை சரியில்லை என்று நினைத்து இந்தப் பொழுதுபோக்கையே விடுகிறார்கள். கை சரிதான், பாட்டில்தான் மாறிப்போனது. இரண்டையும் கலக்கவும் வேண்டாம். வயேஹோவில் ஆல்கஹால் தின்னரை ஊற்றினால் தயிர் போலத் திரியும்.

தொடர்ந்து செய்கிறவர் என்றால் கம்பிரஸருக்குச் சேமியுங்கள். கையடக்க மோட்டாரில் காற்றுத் தொட்டி கிடையாது, அதனால் காற்று விட்டு விட்டு வரும். அழுத்தத்தைக் குறைக்கிற திருகும் பெரும்பாலும் இருக்காது. நமக்கு வேண்டியதோ 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம், அதுவும் ஆடாமல். மூன்று லிட்டர் தொட்டி, ரெகுலேட்டர், ஈரம் பிடிக்கும் கிண்ணம் மூன்றும் சேர்ந்த சின்ன கம்பிரஸர்தான் முதலீடு. நம் கடலோர ஊர்களில் அந்த ஈரக் கிண்ணம் இல்லாமல் வாங்கவே கூடாது. குழாய்க்குள் திரண்ட ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், ஒரு மாத வேலையின் மேல் போய் விழும்.

ஏர்பிரஷ் என்றால் இரட்டைச் செயல் (பொத்தானை அழுத்தினால் காற்று, இழுத்தால் பெயின்ட்), மேலே கிண்ணம் உள்ளது, 0.3 மில்லிமீட்டர் நாஸில் (பெயின்ட் வெளிவரும் முனை). இது டாங்கிக்குப் பொருத்தமான அளவு. 0.2 எடுத்தால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, “இதுக்கு நீடிலும் நாஸிலும் தனியாக் கிடைக்குமா?” என்பதுதான். கிடைக்காது என்றால் அது எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வாங்காதீர்கள். நாஸில் ஒரு நாள் வெடிக்கத்தான் செய்யும். நேரில் வாங்கினால் ஊசியை உருவி, கடைக் கண்ணாடி மேசை மேல் உருட்டிப் பாருங்கள். நுனி தத்தினால் வளைந்த ஊசி.

இன்னொன்று, முகக்கவசம். என்95 தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் ஹார்டுவேர் கடைகளில் இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் ஜன்னல் ஓரம், வெளியே தள்ளும் ஃபேன், மூடிய கதவு மூன்றும் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மாடல் கம்பெனிகளின் தின்னர் சின்ன பாட்டில், பெரிய விலை. பெயின்ட் கடைத் தின்னரை ஊற்றினால் என்ன? – வாசகர், ஈரோடு

பதில்: எந்தத் தின்னர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயின்ட் கடையில் “தின்னர்” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் என்சி தின்னரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மர பாலிஷுக்கும் கார் பெயின்டுக்கும் உரியது. மாடலின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், அதை இந்தத் தின்னர் கரைத்துவிடும். நான் செய்த முதல் டி-34இன் பீரங்கிக் குழல் இப்படித்தான் என் கண் முன்னே வளைந்து குழைந்தது. அன்று பையனாக இருந்த எனக்கு யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: என்சி தின்னர் ஏர்பிரஷின் உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும்.

ஆயில் கலருக்கு மினரல் டர்பன்டைன் கேளுங்கள், அது பெயின்ட் கடையிலேயே மலிவு. டமியா அக்ரிலிக்குக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால். சென்னையில் ரிச்சி தெருவில், சர்க்யூட் போர்டு துடைக்க என்று விற்கிறார்கள். எதுவானாலும் முதல் சொட்டு மாடலின் மேல் வேண்டாம். கிட்டில் பாகங்கள் வெட்டியெடுத்த பின் மிஞ்சும் சட்டம் இருக்கிறதே, அதில் தடவி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வயேஹோவுக்கு மட்டும் அதன் சொந்தத் தின்னரையே வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டுத் தளம் ஒன்றில் எனாமல் வாஷும் ஸ்ப்ரே பிரைமரும் ஆர்டர் செய்தேன். இரண்டு மாதமாகப் பார்சல் வரவில்லை. “உங்கள் நாட்டுக்கு அனுப்ப முடியாத பொருள்” என்று இப்போது சொல்கிறார்கள், பணம் திரும்பவில்லை. – வாசகர், கோவை

பதில்: எனாமல், லாக்கர், ஸ்ப்ரே டின் எல்லாமே தீப்பிடிக்கும் பொருள் வகை. சாதாரண விமானத் தபாலில் போகக் கூடாதவை. விற்றவருக்கு இது ஆர்டர் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும், தவறு உங்களுடையது இல்லை.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், இந்திய நுகர்வோருக்கு முறையாகப் பொருள் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், கடல் தாண்டிய சின்னக் கடைக்காரரிடம் இதைக் காட்டிப் பணம் வாங்குவது கஷ்டம். கார்டில் கட்டியிருந்தால் இன்றே உங்கள் வங்கிக்கு எழுதி, பொருள் வரவில்லை என்று பரிவர்த்தனையை மறுத்துப் பணம் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, இன்னும் தள்ளிப்போட வேண்டாம். “அனுப்ப முடியாது” என்று அவர்களே எழுதிய கடிதம்தான் உங்கள் முக்கியமான ஆதாரம், அழித்துவிடாதீர்கள்.

இந்தியத் தளம் வழியாக வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: உள்ளூர்க் கடையில் வாங்கிய மூன்று பாட்டில் பெயின்ட் கட்டி தட்டியிருக்கிறது. பாட்டிலில் விலையே அச்சிடவில்லை. கடைக்காரர் “இம்போர்ட் அயிட்டம், ரிட்டர்ன் கிடையாது” என்கிறார். – வாசகி, மதுரை

பதில்: இறக்குமதிப் பொருள் என்பது சலுகை இல்லை, கூடுதல் பொறுப்பு. பொட்டலப் பொருள்களுக்கான 2011 சட்டமுறை எடையளவு விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும். ஸ்டிக்கராக இருந்தாலும் சரி. அது இல்லாத பாட்டிலை விற்றதே தவறு. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பில்லையும் பாட்டிலின் படத்தையும் வைத்து அங்கே மனுக் கொடுக்கப்போவதாகக் கடைக்காரரிடம் பணிவாகச் சொல்லுங்கள். கெட்டுப்போன பொருளுக்கு ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பேச்சே செல்லாது.

அவர் பக்கமும் ஒரு வார்த்தை. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. இப்படி அளவைச் சுருக்கிச் செய்த மாடல்கள் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. மாடல் விற்காவிட்டால் அதோடு வைக்கும் பெயின்டும் கடையில் தேங்கிப் பழசாகும். அதனால் அடுத்த முறை பணம் கொடுக்கும் முன் பாட்டிலைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தளதளவென்று சத்தம் வர வேண்டும்.

கேள்வி: எல்லாம் முடித்துக் கடைசியாக மேட் வார்னிஷ் அடித்தேன். வண்டி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கழுவாதீர்கள்! மழைக்கால ஈரத்தில் அடித்தாலும், பாட்டிலைச் சரியாகக் குலுக்காமல் அடித்தாலும், ஒரே நேரத்தில் கனமாக அடித்தாலும் மேட் வார்னிஷ் இப்படிப் பூக்கும். அதன் மேலேயே பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடியுங்கள். பெரும்பாலும் வெள்ளை மறைந்து அடியிலிருக்கும் நிறம் திரும்பும். பிறகு வெயிலடிக்கும் ஒரு நாள் பத்து மணிக்கு மேல், பாட்டிலை இரண்டு நிமிடம் குலுக்கி, வண்டியின் அடிப்பாகத்தில் முதலில் அடித்துப் பார்த்து, மெல்லிய இரண்டு பூச்சாக மேட் வையுங்கள். பொடி போட்டிருந்தால் அது கொஞ்சம் மங்கியிருக்கும், அதை மட்டும் மறுபடி தூவினால் போதும்.