சார் பாஸுக்கு மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. மே மாத விடுமுறையில் தோழிகளுடன் இமாசலப் பிரதேசத்துக்கு, சார் பாஸ் மலையேற்ற முகாமுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நாங்கள் கொடைக்கானலைத் தாண்டிக் குளிரைப் பார்த்ததில்லை. பனியில் கூடாரம், கழிப்பறை, மாதவிலக்கு நாட்கள் என்று நினைத்தாலே படபடக்கிறது. போய்வந்த பெண் யாராவது பதில் சொல்வீர்களா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: அனுப்புங்கள், அம்மா. நான் தூத்துக்குடிக்காரி. கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் அதே வழியில் போய்வந்தேன். அப்பா சம்மதிப்பதற்குள் மார்கழி போய்ப் பங்குனி வந்துவிட்டது.

சார் பாஸ் என்பது ஏறத்தாழ 13,800 அடி உயரத்திலுள்ள மலைக் கணவாய். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும். ஆகவே குளிரைவிட அவசரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். பார்வதி ஆற்றங்கரையிலுள்ள கசோல் சுமார் 5,200 அடி. அங்கிருந்து முகாம் முகாமாகத் தங்கி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். நாட்களைக் குறைத்துக் கூட்டிப்போகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் குழுவில் ஒரு பையன், கால்பந்து ஆடுபவன், எப்போதும் முன்னால் நடந்தான். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. தலைவலியை யாரிடமும் சொல்லவுமில்லை. தட்டு அப்படியே இருந்ததைக் கவனித்த உள்ளூர் வழிகாட்டிதான் விசாரித்தார். விடிந்ததும் துணைக்கு ஆள் சேர்த்துக் கீழே அனுப்பிவைத்தார், இறங்கியதும் தெளிந்துவிட்டான். உயரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கியாக வேண்டும். நடை தள்ளாடினால் அந்த நிமிடமே இறங்க வேண்டும். இதை மகளிடம் நீங்களே உட்கார வைத்துச் சொல்லுங்கள். மாத்திரை எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

கணவாய்க்கு முந்தைய முகாம் நகாரு. காற்று இரவு முழுவதும் கூடாரத் துணியை அறைந்துகொண்டே இருந்தது. கழற்றிப் போட்ட பூட்ஸ் காலையில் விறைத்துக் கிடந்தது, கயிறு கம்பிபோல நின்றது. பாட்டிலை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுத்தவர்களுக்குத்தான் குடிக்கத் தண்ணீர் மிஞ்சியது. இருட்டிலேயே கிளப்பிவிட்டார்கள். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், பிற்பகலில் ஆலங்கட்டி மழையும் வரலாம் என்பதால்தான் அந்த நேரம். வழிகாட்டி பூட்ஸ் நுனியால் பனியை உதைத்து உதைத்துப் படி அமைத்துக்கொண்டே போனார். நாங்கள் அதே தடத்தில் கால் வைத்தோம். மறுபுறச் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினோம். அன்று நான் கத்திய கத்தல் சந்தோஷத்தில் வந்தது, அம்மா. அந்தச் சந்தோஷம் உங்கள் மகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கழிப்பறை என்பது குழி வெட்டி, சுற்றிலும் துணி கட்டிய சிறு கூடாரம். பெண்களுக்குத் தனியாக இருக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இரவில் தனியாகப் போக வேண்டாம், தோழியை எழுப்பலாம். நாங்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு மாதவிலக்கு வழியில்தான் வந்தது. நடையை ஒன்றும் நிறுத்தவில்லை. நாப்கின்கள் தாராளமாக வேண்டும். பயன்படுத்தியதை மலையில் போடாமல், இறுக மூடும் உறையில் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

கருப்புக் கண்ணாடியை மறக்க வேண்டாம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பதம்பார்த்துவிடும். கிரஹண் கிராமத்துக்கு மேலே எனக்கு சிக்னல் கிடைக்கவில்லை. அழைப்பு வராத நாட்களில் பதறாமல் இருக்க, கசோல் அடிவார முகாமின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில்லாத ஊர் என்று யோசிக்க வேண்டாம். நான் முதுகில் பையோடு மாடிப்படி ஏறி இறங்கினேன், விடுமுறை நாளில் கழுகுமலை ஏறினேன். பூட்ஸை ஒரு மாதம் முன்பே வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே நடந்து பழகச் சொல்லுங்கள். புதுப் பூட்ஸோடு வந்தவர்களுக்கு முதல் முகாமிலேயே குதிகாலில் கொப்புளம்.