பழைய எலும்பும் குதிரையின் கதையும்: கேள்வி பதில்

பழங்காலக் குதிரை எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் படிப்பதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: செத்து ஆயிரக்கணக்கான வருடம் ஆன எலும்பில் டிஎன்ஏ எப்படி மிஞ்சும்?

முழுசாக மிஞ்சாது. உயிர் போனதுமே இழைகள் உடைய ஆரம்பித்துவிடும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் நூறு எழுத்துகூட (டிஎன்ஏ இழையின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) இல்லாத துண்டுகள்தான். அதிலும் பெரும்பகுதி மண்ணில் இருந்த பாக்டீரியாவுடையதாக இருக்கும். குளிரான இடத்தில் கிடந்த எலும்பு என்றால் நல்லது. பல்லும், உட்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பும் இன்னும் நல்லது. கிடைத்த துண்டுகளை இன்றைய குதிரையின் மரபணுத் தொகுதியோடு, அதாவது அதன் முழு டிஎன்ஏவோடு, ஒப்பிட்டு, எது எந்த இடத்துக்குரியது என்று பொருத்திப் பார்க்கிறார்கள்.

கேள்வி: ஆய்வு செய்தவர் கையில் ஒட்டியிருந்த டிஎன்ஏ கலந்துவிட்டால்?

முக்கியமான கேள்வி. இந்தத் துறையே ஆரம்பத்தில் இதில்தான் தடுக்கி விழுந்தது. இப்போது தனிச் சுத்த அறையில், உடல் முழுக்க மூடிய உடையோடு வேலை செய்கிறார்கள். அப்புறம், சிதைவே ஒரு சாட்சி. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ‘சி’ நாளடைவில் சிதைந்து ‘டி’ என்று வாசிக்கப்படும்; துண்டுகளின் ஓரங்களில் இது அதிகம். நேற்று ஒட்டிய டிஎன்ஏவில் இந்தத் தழும்பு இருக்காது.

கேள்வி: இப்படி எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்? நரி அளவே இருந்த ஆதிக் குதிரை வரைக்கும்?

அவ்வளவு தூரம் முடியாது. அது சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. அந்தக் காலத்துக்குப் புதைபடிவம் மட்டும்தான் துணை. குதிரையில் இதுவரை எட்டியிருக்கும் ஆழத்துக்கு நல்ல உதாரணம், கனடாவின் யூகான் பகுதியில் திஸில் க்ரீக் என்ற இடத்தில் உறைமண்ணுக்குள் கிடந்த ஒரு கால் எலும்பு. வயது 5.6 லட்சம் முதல் 7.8 லட்சம் ஆண்டுகள். அதன் மரபணுத் தொகுதி 2013இல் வெளியானது. அதை வைத்துக் கணக்கிட்டபோது குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றுக்கும் பொதுவான மூதாதை 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அதுவரை நினைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. ஒரே ஓர் எலும்பு!

கேள்வி: முதன்முதலில் எந்த விலங்கில் இதைச் செய்தார்கள்?

அழிந்துபோன விலங்குகளில் முதலாவது குதிரையின் உறவுதான். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த குவாக்கா, உடம்பின் முன்பாதியில் மட்டும் நன்றாக வரி போட்டிருக்கும். கடைசி குவாக்கா 1883இல் ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சியில் இறந்தது. அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு தோலிலிருந்து 1984இல் 229 எழுத்துகள் படித்தார்கள். அது வரிக்குதிரையின் நெருங்கிய சொந்தம் என்று உறுதியானது.

கேள்வி: குதிரையை முதலில் பழக்கியவர்கள் கஜகஸ்தானின் போட்டாய் மக்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது இல்லை என்கிறார்களே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போட்டாயில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்களின் வாழ்க்கையே குதிரையைச் சுற்றித்தான். பானைகளில் குதிரைப் பால் படிந்த தடயம், பட்டி போட்ட அடையாளம், கடிவாளம் உரசியது போன்ற பல் தேய்மானம் எல்லாம் அங்கே சொல்லப்பட்டன. எனவே இன்றைய குதிரைகள் இவற்றின் பிள்ளைகளாகத்தான் இருக்கும் என்று நினைத்தது நியாயமானதுதான். 2018இல் போட்டாய் எலும்புகளின் மரபணுத் தொகுதிகள் வந்தன. இன்றைய வளர்ப்புக் குதிரையில் போட்டாய் பங்கு மூன்று சதவீதம்கூட இல்லை.

அப்படியென்றால் நம் குதிரைகள் எங்கிருந்து வந்தன? பழங்கால டிஎன்ஏ ஆய்வாளர் லுடோவிக் ஒர்லாண்டோவின் குழு 273 பழங்காலக் குதிரைகளைப் படித்து 2021இல் பதில் சொன்னது: ரஷ்யாவில் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளி. அங்கே இருந்த ஒரு வகை சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு பரவத் தொடங்கி, சில நூற்றாண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஏற்கெனவே இருந்த குதிரை வகைகளின் இடத்தை ஏறக்குறைய முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது. முதுகின் வலிமையோடும் சாதுவான குணத்தோடும் தொடர்புடையவை என்று கருதப்படும் இரண்டு மரபணுக்கள் அவற்றில் அழுத்தமாகத் தேர்வாகியிருந்தன. இதனால் இன்னொரு பழைய எண்ணமும் ஆடிப்போனது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு புல்வெளி மக்கள் குதிரைமேல் ஏறித்தான் ஐரோப்பாவுக்குள் பெருமளவில் போனார்கள் என்பார்கள். மனிதர்கள் போனது உண்மை, ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பிய எலும்புகளில் இந்தக் குதிரை வந்த தடயம் காணோம்.

கேள்வி: அப்போ போட்டாய் குதிரைகள் என்ன ஆயின?

மங்கோலியாவின் பிரெவால்ஸ்கி குதிரையாக நம்மோடு இருக்கின்றன. கடைசிக் காட்டுக் குதிரை என்று நாம் சொல்லிவந்தது போட்டாய் வழி வந்தது. போட்டாய்க்காரர்கள் உண்மையிலேயே பழக்கினார்களா, வேட்டைதான் ஆடினார்களா என்ற சண்டை ஓயவில்லை. பழக்கினார்கள் என்றால் இது வளர்ப்பிலிருந்து காட்டுக்குத் திரும்பிய குதிரையின் வாரிசு; வேட்டை என்று முடிவானால் இது என்றுமே காட்டுக் குதிரைதான். எப்படியிருந்தாலும் இதைக் காப்பது அவசியம். காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போய், கூண்டில் இருந்த ஒரு டஜன் சொச்சக் குதிரைகளிலிருந்து மீட்ட இனம் இது.

கேள்வி: குகை ஓவியங்களில் புள்ளி போட்ட குதிரைகள் வெறும் கற்பனையா?

இல்லை. பிரான்சின் பெஷ் மெர்ல் குகையில் இருப்பவை பிரபலம். அப்படிப் புள்ளி வரவைக்கும் மரபணு மாற்றம் பனியுகக் குதிரைகளிலேயே இருந்ததை 2011இல் காட்டிவிட்டார்கள். ஓவியர் கண்ணால் கண்டதை வரைந்திருக்கலாம்.

கேள்வி: கலப்பினங்களையும் எலும்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

எலும்பின் வடிவம் ஏமாற்றும், டிஎன்ஏ சொல்லிவிடும். சுமேரிய களிமண் பலகைகளில் ‘குங்கா’ என்று மிக விலை உயர்ந்த ஒரு விலங்கு வரும். வண்டி இழுக்கும், போருக்கும் போகும். அது என்னவென்று வெகுகாலம் புரியவில்லை. சிரியாவின் உம் எல்-மர்ராவில் செல்வந்தர்களின் கல்லறைகளுக்கு நடுவே புதைத்திருந்த, சுமார் 4,500 ஆண்டுப் பழைய எலும்புகளை 2022இல் படித்தார்கள். தாய் வளர்ப்புக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக் கழுதை. வளர்ப்புக் குதிரை அந்தப் பக்கம் வருவதற்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வேண்டுமென்றே இப்படி ஒரு கலப்பை உருவாக்கியிருக்கிறார்கள். சிரியக் காட்டுக் கழுதை 1920களின் கடைசியில் அழிந்துவிட்டது, அதனால் குங்காவும் இனிப் பிறக்க வழியில்லை.