சத்தம் வலிக்கும் காதுகளுக்கு எந்தப் பாட்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. வாக்குவம் கிளீனர் ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவான். ஆனால் என் அம்மா பாடும் பழைய நாட்டுப்புறப் பாட்டை மட்டும் மடியில் படுத்துக் கேட்கிறான். சத்தமே ஆகாதவனுக்குப் பாட்டு எப்படிப் பிடிக்கிறது?

பதில்: எல்லாச் சத்தமும் அவனுக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத சத்தம்தான் பெரும்பாலும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பாடாய்ப் படுத்துகிறது. திடீர் ஒலிக்கு உடல் திடுக்கிடுவது மூளைத்தண்டிலேயே நடக்கும் அனிச்சைச் செயல். யோசிப்பதற்கு முன்பே கண் இமை மூடும், தோள் குறுகும். அதை அடக்கிக்கொள் என்று சொல்லிப் பயனில்லை. அவன் அழுவது அடம் என்று யாராவது சொன்னால், ஆட்டிசத்தைக் கண்டறியும் வரையறையிலேயே புலன்கூச்சம், அதாவது ஒலி, ஒளி, தொடுகை போன்றவை அளவுக்கு மீறி உறுத்துவது, இடம்பெற்றிருக்கிறது என்று சொல்லுங்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் அது சேர்க்கப்பட்டது.

இப்போது பாட்டிக்கு வருவோம். ஒரே ஒரு குரல், பின்னணியில் ஒன்றும் இல்லை. மெட்டு சில சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது, முதல் அடி திரும்பத் திரும்ப வருகிறது. எழுதி வைக்காமல் வாய்வழியாகவே வந்த பாட்டுகள் நினைவில் நிற்க வேண்டும் என்பதால் இயல்பாகவே இப்படி அமைந்தன. இரண்டு முறை கேட்டாலே அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதனால் காது காவல் காக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் முகம் சுருங்கினால் பாட்டி தானாகவே குரலைத் தாழ்த்துவார். எந்தப் பதிவும் அதைச் செய்யாது. ஆகவே என் முதல் பரிந்துரை எப்போதுமே வீட்டில் இருப்பவரின் குரல்தான், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

தாலாட்டும் இப்படிப்பட்ட பாட்டுதான், அதன் இதம் மொழியைத் தாண்டியும் வேலை செய்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைக்குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். அந்த மொழிகளின் வேறு வகைப் பாட்டுகளைக் கேட்டபோது இருந்ததைவிடத் தாலாட்டின்போது குழந்தைகளின் இதயத்துடிப்பு குறைந்தது. சொல் புரியாமலேயே அந்த அமைதி வருகிறது.

கேள்வி: அப்படியானால் நாட்டுப்புற இசை என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பறையும் நாட்டுப்புற இசைதான், ஸ்காட்லாந்தில் காற்றுப்பையை அமுக்கி ஊதும் பைக்பைப்பும் அப்படித்தான். இரண்டும் திறந்த வெளியில் தூரத்தில் நிற்பவருக்கும் கேட்கப் பிறந்தவை. மூடிய அறையில் கூச்சமுள்ள காதுக்கு அவை தண்டனை. வகையின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை கருவிகள் சேர்கின்றன, ஒலி மெல்ல எழுகிறதா சட்டென்று அடிக்கிறதா, நடுவில் திடீர் உரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைக்குப் போடும் முன் முழுப் பாட்டையும் நீங்கள் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். முதல் நிமிடம் மெதுவாகப் போய், மூன்றாவது நிமிடத்தில் மேளம் புகுகிற பாட்டுகள் நிறையவே உண்டு.

கேள்வி: எனக்கு 34 வயது. பாட்டுப் பிடிக்கும், ஆனால் வயலினின் உச்ச சுரமும் பாடகரின் ‘ஸ்’ ஒலியும் ஊசியாகக் குத்துகின்றன. எதைக் கேட்பது?

பதில்: நம் எல்லோருக்குமே 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் காது மிகக் கூர்மை. செவிக்குழாயின் நீளமும் வடிவமும் அந்த அதிர்வெண்களைக் கூட்டிக் கொடுக்கின்றன. வயலினின் உச்ச சுரமும், அதனோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல்சுரங்களும் அங்கேதான் குவிகின்றன. ‘ஸ்’ ஒலி அதற்கும் சற்று மேலே. ஆகவே கீழ்ஸ்தாயிக் குரல், நைலான் நரம்பு கிட்டார், வயலினின் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள உறவான செல்லோ, தாழ்ந்த ஸ்தாயிப் புல்லாங்குழல் என்று தொடங்குங்கள். நகத்தால் மீட்டுவதைவிட விரல் சதையால் மீட்டும்போது ஒலியின் தொடக்கம் மிருதுவாக இருக்கும்.

போனில் ஈக்குவலைசர் (ஒலியின் அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பட்டைகளை மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். இந்தச் சின்ன மாற்றத்துக்கே, கேட்க முடியாது என்று ஒதுக்கிய பாட்டு சிலருக்குக் கேட்கக்கூடியதாகிவிடுகிறது.

பதிவின் தரத்தையும் கவனியுங்கள். களத்தில் எடுத்த பழைய பதிவுகள் அருமையான பொக்கிஷங்கள், ஆனால் அவற்றின் கீறல் ஒலியும் இரைச்சலும் உங்களைப் போன்றவர்களுக்குத் தொல்லை தரும். மேடைப் பதிவில் பாட்டு முடிந்ததும் கைத்தட்டல் வெடிக்கும். அப்புறம், விளம்பரம். அமைதியான பாட்டுக்கு நடுவே அலறும் விளம்பரத்தைப் போலக் கெடுதல் வேறில்லை. பாட்டைத் தரவிறக்கிக் கேளுங்கள், தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு சத்தமாக வைக்கலாம்? ஹெட்போன் நல்லதா, ஸ்பீக்கரா?

பதில்: உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே நேரம். அது காது கெடாமல் இருப்பதற்கான கணக்கு. ஒலிக்கூச்சம் உள்ளவருக்கு இதம் என்பது அதைவிட வெகு கீழே இருக்கும். வார்த்தை சிரமமில்லாமல் காதில் விழும் மிகக் குறைந்த அளவில் வையுங்கள், ஏற்றுவதா வேண்டாமா என்பதைக் கேட்பவர் முடிவு செய்யட்டும். ஒலிக்குமிழும் நிறுத்தும் பொத்தானும் அவர் கையில் இருப்பதுதான் பாட்டின் தேர்வைவிட முக்கியம் என்பேன். தானே நிறுத்த முடியும் என்று தெரிந்தவுடன் பயம் பாதி இறங்கிவிடும்.

நான் ஸ்பீக்கரைத்தான் விரும்புவேன். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தால், வேண்டாதபோது விலகிப் போக இடம் இருக்கும். தலையில் எதுவும் அழுத்தினால் பிடிக்காதவருக்கு ஹெட்போனே ஒரு புது உபத்திரவம்.

கேள்வி: தினமும் மெல்லிசை கேட்டால் என் மகளின் கூச்சம் குணமாகுமா? கேட்புப் பயிற்சி என்று ஒரு தொகுப்பு விற்கிறார்கள்.

பதில்: வாங்க வேண்டாம். வடிகட்டிய இசையைக் கேட்க வைத்துக் காதைப் பழக்குவதாகச் சொல்லும் பயிற்சிகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2011இல் அலசி, ஆட்டிசத்துக்கு அவற்றைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது. நேர்மையான இசை சிகிச்சைக்கும் எல்லை உண்டு. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 364 ஆட்டிசக் குழந்தைகளிடம், சிகிச்சையாளர் குழந்தையுடன் சேர்ந்து இசைக்கும் சிகிச்சை அறிகுறிகளின் தீவிரத்தைக் குறைக்கவில்லை. இதனால் இசை வீண் என்று ஆகாது. அரை மணி நேரம் மனம் லேசாகி, அம்மாவும் மகளும் சேர்ந்து ஒன்றை ரசித்தால் அதுவே நல்லது. அதை மருந்தாக்கி, முன்னேற்றம் எங்கே என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இன்பமும் போய்விடும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். எந்நேரமும் காதடைப்பான் போட்டு வைப்பது கூச்சத்தைக் கூட்டும். இயல்பான காது உள்ளவர்களே இரண்டு வாரம் தொடர்ந்து அடைத்திருந்தபோது, வழக்கமான ஒலிகள் அவர்களுக்குக் கூடுதல் உரப்பாகத் தோன்றின என்று ஆய்வில் தெரிந்தது. கூட்டத்திலும் இரைச்சலிலும் போடட்டும், அமைதியான வீட்டில் கழற்றட்டும். கூச்சம் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ, காது வலி, காதுக்குள் இரைச்சல், கேட்புக் குறைவு சேர்ந்திருந்தாலோ, தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடமோ செவித்திறன் வல்லுநரிடமோ காட்டுங்கள்.

கேள்வி: என் மகன் ஒரே பாட்டை நாள் முழுக்கப் போடச் சொல்கிறான். மாற்றிப் போட்டுப் பழக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். தெரிந்த பாட்டுதான் அவனுக்குப் பாதுகாப்பு. புதிதாக ஒன்று வேண்டும் என்றால் அதே குரலில், அதே வேகத்தில் இருப்பதைப் பழைய பாட்டுக்குப் பின்னால் வையுங்கள். அடுத்து வேறு பாட்டு வரும் என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லுங்கள். உங்களுக்குச் சலித்துப்போனால் பக்கத்து அறைக்குப் போய் உட்காருங்கள், தப்பில்லை.

கேள்வி: என் பேத்தி எந்தப் பாட்டைப் போட்டாலும் நிறுத்து என்கிறாள். எப்படிப் பழக்குவது?

பதில்: நிறுத்திவிடுங்கள். அவள் சொன்னவுடன் நீங்கள் நிறுத்துவதை அவள் பல முறை பார்க்கட்டும். பிறகு ஒருநாள் அவள் அருகில் இருக்கும்போது உங்கள் வேலையைப் பார்த்தபடியே, வார்த்தையில்லாமல் வாய்க்குள் முணுமுணுங்கள். அவள் அப்போதும் வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். சிலருக்கு நிசப்தம்தான் ஒத்துக்கொள்ளும்.